அச்சாரம் என்னும் கைமுதல்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்விழாவில், கழகத்தின் உதவித்தொகை பெற்றுப் பயின்ற பிள்ளைகள் பட்டம் பெற்றதையும் அரசுப் பணியில் அமர்ந்ததையும் நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து நாம் தொடங்க விரும்புகின்றோம். பட்டம் பெற்றும் பணி கிடைக்காதவர்களும், பேட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பிற இடங்களிலும் வெல்டிங், பிட்டர் தொழில் கற்றுச் சான்றிதழைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களும் இவ்வவையில் பலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள்பொருட்டு ஒரு பால்கேன் தாங்கியின் கதையைச் சொல்லப் போகின்றோம். வெள்ளி விழா மேடையில் பால்கேனா என்று சிரிக்க வேண்டா. அக்கதையில் நம் முன்னோர் கதையும் கலந்திருக்கின்றது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றூரில், நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயின்ற ஓர் இளைஞர் தம் தந்தையாரின் மொபெட்டுக்கு ஒரு சட்டம் செய்து பொருத்தினார். தந்தையார் பால் வணிகம் செய்பவர். கேன்களை வண்டியின் இருபுறமும் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு விடியற்காலையில் நகருக்கு வருவார். வயல் வரப்பை ஒட்டிய பாதையில் வண்டி குலுங்கும்போது மூடி தெறித்துப் பால் சிந்தும். ஒருபுறக் கேன் காலியானால் வண்டி மறுபுறம் சாயும். மகன் இரும்புக் குழாயை வளைத்து, இருபுறமும் கேன் அடங்கும் கூடு அமைத்து, கேனின் கழுத்தை அழுத்திப் பிடிக்கும் ஒரு கொக்கியும் வைத்தார். வண்டியில் எங்கும் துளையிடவில்லை, பற்றவைக்கவும் இல்லை. நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் சட்டம் தனியே வந்துவிடும். மாலையில் அதே வண்டியில் தாயார் பின்னிருக்கையில் அமர்ந்து கோயிலுக்குப் போகலாம்.

வாகனத்தில் இல்லாத ஒன்றைத் தேவை கருதித் தாமே செய்து மாட்டுவது நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. 1877-இல் இம்மாவட்டத்துத் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில், மரக்கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலனைச் செய்வித்துப் பேருந்துகளை ஓடச் செய்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனக் குடும்பத்திலிருந்து 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டியின் வழிவந்ததுதான் நம் பால்காரரின் மொபெட்டும். ஆனால் அவரிடம் பேருந்துகள் இருந்தன, பணிமனை இருந்தது, முதல் இருந்தது. நம் இளைஞரிடம் இருந்தது வாடகைக்கு எடுத்த ஒரு வெல்டிங் இயந்திரம்.

ஆதலின் நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு குஜராத்தில் இருக்கின்றது. அம்ரேலி மாவட்டத்து மோட்டா தேவலியா என்னும் ஊரைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி தொடக்கப் பள்ளிக் கல்விக்குமேல் பயிலாதவர். வறட்சியால் காளைகளைப் பேண இயலாமல் உழவர் தவித்த பகுதி அது. 1994-இல் அவர் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை அகற்றி, அவ்விடத்தில் இரு சக்கரங்களும் உழுகருவியும் கொண்ட இணைப்பைப் பொருத்தினார். 'புல்லட் சாந்தி' என்பது அதன் பெயர். நாம் நினைக்கும் சாந்தியன்று, அவர்கள் மொழியில் அது கலப்பையைக் குறிக்கும் சொல். சுமார் அரை மணி நேரத்தில் ஓர் ஏக்கரை, இரண்டு லிட்டர் டீசலில் அது உழுததாகக் கணக்கிட்டார்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அவர் காப்புரிமை பெற்றார். பிறகு சௌராட்டிரப் பட்டறைகள் பலவற்றில் அதுபோன்ற வண்டிகள் செய்யப்பட்டன. காப்புரிமைத் தாள் ஒன்றே ஒருவரைக் காக்காது என்பதற்கு இதை நாம் குறித்து வைத்திருக்கின்றோம். ஆயினும் அவர் உழவருக்கு உழவராக நின்று செய்தார் என்பதை எவரும் நகலெடுக்க முடியவில்லை.

நம் கதைக்குத் திரும்புவோம். பால் சிந்தாத வண்டியைப் பார்த்த பிற பால்காரர்கள் தமக்கும் ஒன்று வேண்டும் என்றனர். ஒரு திங்களில் பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டனர். இளைஞரும் அவர் தோழரும் கழகத்துக்கு வந்து, முதலுக்கு என்ன செய்வது என்று வினவினர். வங்கியில் கடன் கேட்டால் ஈடு கேட்பார்கள். நம் தெருவில் பட்டா உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வட்டிக்கு வாங்கினால் என்னவாகும் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அப்போது அவையிலிருந்த பெரியவர் ஒருவர், "அச்சாரம் வாங்கிச் செய்யுங்களேன்" என்றார்.

அச்சாரம் என்ற சொல் நம் காதுக்குப் பழகியது, கைக்குப் பழகாதது. நாம் வீடு பிடிக்கவும் மாடு பிடிக்கவும் அச்சாரம் கொடுத்திருக்கின்றோம். நம்மிடம் ஒருவர் அச்சாரம் கொடுத்து ஒரு பொருளைச் செய்யச் சொன்னதுண்டா என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கமலைக்குத் தோல் வால் தைத்தவர்கள் நம்முள் ஒரு சாரார். மாட்டு வண்டிக்கு வாரும், மாட்டுக்குக் கழுத்துப் பட்டையும், வண்டிக்காரருக்குச் செருப்பும் செய்தவர்களும் அவர்களே. அக்காலத்து வாகன உதிரிப் பொருள் வல்லுநர்கள் என்று இன்றைய மொழியில் கூறலாம். சொன்னதும் செய்தார்கள். பெற்றதென்ன? விலை என்று ஒன்று பேசப்படவில்லை. ஆண்டு முழுதும் செய்த வேலைக்கு, அறுவடை முடிந்தபின் களத்துமேட்டில் நின்று, அளப்பவர் மனம்போல் அளந்த நெல்லைத் துண்டில் ஏந்தி வந்தார்கள். உழைப்பு முதலில், கூலி கடைசியில், அதுவும் மிஞ்சினால். செய்த வேலைக்குரிய கூலியைக் கேட்பதே குற்றமாகக் கொள்ளப்பட்ட மண் இது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கையோடு ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம் காவல்துறையின் தடியடியில் சிதறியபோது, இதே தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அவ்வாற்றின் கரையில் நின்று, நம் பிள்ளை ஒருவன் "முதலில் பாதிப் பணம் தாருங்கள், பிறகு வேலையைத் தொடங்குகிறேன்" என்று சொல்வது சிறிய செய்தியன்று.

பிறர் இதைக் காலங்காலமாகச் செய்துவருகின்றனர். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையைப் பாருங்கள். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்துக் கீறி நெய்யும் அப்பாயில், திருமணத்துக்கென்றால் மணமக்களின் பெயரையே நெய்து தருவர். பெயர் நெய்த பாய்க்கு வேறொருவர் வாங்குநராக மாட்டார். ஆகவே கேட்டவர் பின்வாங்கினால் நெய்தவரின் பல நாள் உழைப்பும் வீண். முன்பணம் வாங்காமல் அத்தகைய வேலையில் கைவைப்பது அறியாமை. சிவகாசி நாள்காட்டி அச்சகத்தாரும் ஆடிப்பெருக்கன்று மாதிரித் தொகுப்பை வெளியிட்டு, வணிகரிடம் ஆர்டர் வாங்கிய பிறகே கடைப்பெயரை அச்சிடுகின்றனர். பெரிய இடத்திலும் இதே வழக்கம்தான். மாருதி கார் வருவதற்கு முன்பே, 1983-இல், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைக்குப் 10,000 ரூபாய் செலுத்திக் காத்திருந்தனர். அவ்வாண்டு திசம்பரில்தான் முதல் வண்டியின் சாவி கைமாறியது. கண்ணால் காணாத காருக்குக் கொடுத்தார்கள்! நம் பையன் கண்முன் ஓடும் வண்டியைக் காட்டி 500 ரூபாய் கேட்கக் கூசினான்.

கூச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1917-இல் நாடு திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத வகுப்பினர் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்தவுடன் அத்தொழில் நின்றுபோயிற்று. அத்துணைக் கல்விக்கும் அதுவே கதி என்றால், பற்றவைப்புக்காரரை யார் நம்புவர்? நம் பன்னிரண்டு பேரில் நால்வர் வேறு தெருவினர். அவர்களுள் ஒருவர் நம் தெருவுக்குள் வர மறுத்து, சாலையோரத் தேநீர்க் கடையில் பணத்தைக் கொடுத்தனுப்பினார். பொருளையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். ஆறு திங்கள் கழித்து அவரே தெருவுக்குள் வண்டியோடு வந்தார். மனமாற்றம் என்று நாம் எழுதவில்லை. பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது, அவ்வளவே. நின்று, சரிசெய்து முடியும் வரை காத்திருந்து போனார்.

இனிக் கணக்கைச் சொல்ல வேண்டும். இங்கேதான் நாம் தவறினோம், நாம் என்று சொல்வதற்குக் காரணம் ஆலோசனை சொன்னவர்கள் நாம் என்பதே. குழாய், கம்பி, வெல்டிங் ராடு, வண்ணம் எல்லாம் சேர்த்து ஒரு தாங்கிக்கு 1,100 ரூபாய் ஆகும் என்று கண்டு, விலை 1,500 என்றும் அச்சாரம் 500 என்றும் முடிவு செய்தோம். பன்னிரண்டு பேரிடம் 6,000 ரூபாய் சேர்ந்தது. அத்தனை பணத்தை ஒருசேரப் பார்த்த மகிழ்ச்சியில் 2,500 ரூபாய்க்கு ஓர் அரைவு இயந்திரம் வாங்கினோம். மிச்சம் 3,500. அதில் மூன்றுக்குத்தான் பொருள் வாங்க முடிந்தது. மூன்றைக் கொடுத்துப் பெற்ற பாக்கியில் இரண்டு, அவற்றைக் கொடுத்து மேலும் இரண்டு என்று வேலை நொண்டி நொண்டி நடந்தது. இரு வாரத்தில் தருவதாகச் சொன்னது மூன்று திங்களாயிற்று. அச்சாரம் கொடுத்த பால்காரர் ஒருவர் நாள்தோறும் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து வேம்பினடியில் உட்காருவார். ஒரு சொல் பேசமாட்டார். அரைமணி இருந்துவிட்டுப் போவார். அவர் திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

பன்னிரண்டும் கொடுத்து முடித்தபோது வரவு 18,000, பொருட்செலவு 13,200, இயந்திரம் 2,500. கையில் எஞ்சியது 2,300. மின்கட்டணம் 900 போக 1,400. இருவர் மூன்று திங்கள் உழைத்ததற்குத் தலைக்கு 700 ரூபாய். எவரையும் ஏமாற்றவில்லை, எவருக்கும் கடன்படவில்லை. எனினும், விலை வைக்கும்போது தம் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் மிஞ்சியதை எடுத்துக்கொள்வது என்று வைத்தோமே, அது களத்துமேட்டுக் கணக்கல்லவா? அளப்பவர் இல்லாத இடத்தில் நாமே நமக்கு அளந்துகொண்டோம். பொருளுக்கு விலை தெரிந்த நமக்கு நம் கைக்கு விலை தெரியவில்லை.

அச்சாரப் பணம் பெரியவர்களையும் கவிழ்த்திருக்கின்றது. அமெரிக்காவில் பிரஸ்டன் டக்கர் என்பவர் புதுவகைக் கார் ஒன்றைச் செய்ய முனைந்து, முதல் போதாமையால், கார் உருவாகும் முன்பே அதற்குரிய வானொலி, இருக்கை உறை, பயணப்பெட்டி ஆகிய துணைப்பொருள்களை முன்கூட்டி விற்றார். அவற்றை வாங்கியவர்க்குக் காரில் முன்னுரிமை. சுமார் இருபது இலட்சம் டாலர் திரண்டது. அரசின் விசாரணை தொடங்கிற்று, செய்தித்தாள்கள் எழுதின, தொழிற்சாலை மூடிற்று. செய்த கார்கள் 51 மட்டுமே. 1950 சனவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதற்குள் தொழில் மடிந்துவிட்டது. நேர்மை இருந்தால் போதும் என்று எண்ணும் நம் இளைஞர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தபின் மெய்ப்பிக்கும் காலம் நமக்கு வாய்ப்பதில்லை. அதுவும் நம்மவர்மீது ஐயம் எழ அதிக நேரம் பிடிக்காது.

சட்டத்தையும் சுருக்கமாகக் கூறிவிடுகின்றோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் குறித்த அமைப்பினின்றும் வேறுபடுமாறு மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. கார்களின் முன்புறம் மாட்டும் இரும்புக் காப்புச் சட்டங்களுக்கு எதிராக 2017 திசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியபோது, அதையே நம்பியிருந்த பட்டறைகள் எத்தனை கலங்கியிருக்கும்! மாறாக, இருசக்கர வண்டியின் பின்சக்கரத்தில் ஆடை சிக்காமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று விதியே கூறுகின்றது. நாம் சேலைக் காப்பு என்கிறோமே, அதுதான். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு இணைப்புச் சக்கரம் பொருத்தவும் சட்டத்தில் இடமுண்டு, ஆயினும் பதிவுச் சான்றில் ஏற்றப்பட வேண்டும். அது ஒருவரின் உயிரைத் தாங்கும் வேலை. உரிய ஒப்புதலும் சோதனையும் இன்றி அதில் கைவைக்க வேண்டா என்று நம் இளைஞருக்குக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கின்றோம். கழற்றி மாட்டத்தக்க, அகலத்தில் அடங்கிய, பால்கேன் தாங்கி போன்றவற்றில் கை தேறட்டும். அதிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்வது நன்று.

அரசின் உதவி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடித் தொழில்முனைவோருக்கென 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் அறிவிக்கப்பட்டன. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். ஆனால் மானியம் கடனைத் தொடர்ந்து வருவது. கடன் கொடுப்பவரோ, உங்கள் பொருளை யார் வாங்குவார்கள் என்று முதலில் கேட்பார். அக்கேள்விக்கு நம்மிடம் உள்ள விடை சான்றிதழன்று, பரிந்துரைக் கடிதமுமன்று. இன்னார் இன்ன தேதியில் இவ்வளவு அச்சாரம் கொடுத்தார், இன்ன தேதியில் பொருளைப் பெற்றுக்கொண்டார் என்று அவரவர் கையெழுத்தோடு உள்ள குறிப்பேடே விடை. நம் தாத்தாக்கள் கைநாட்டு வைத்த ஏடுகள் எல்லாம் பிறர் வீட்டுப் பெட்டியில் இருந்தன. இந்த ஏடு நம் வீட்டில் இருக்கின்றது, கையெழுத்திட்டவர் எதிரில் உட்கார்ந்தவர்.

இரண்டாம் முறை தொடங்கியபோது விலையை 2,000 ஆக்கினோம். வாங்க மாட்டார்கள் என்று அஞ்சினோம். இருவர் போய்விட்டனர், ஒன்பது பேர் வந்தனர். அச்சாரம் 1,100, அதாவது பொருட்செலவு முழுமையும். அதற்குக் குறைவாக உறவினரிடமும் வாங்குவதில்லை. நம் உறவினர்தாம் இதில் பெருந்தொல்லை என்பதை மறைப்பானேன்? "நம்ம பையன்தானே, பிறகு தருகிறேன்" என்ற சொல் எத்தனை நம்ம பையன்களைப் படுக்கவைத்திருக்கின்றது! நான்கு பேருக்குமேல் ஒரே வேளையில் பதிவு செய்வதில்லை. நால்வரின் 4,400 ரூபாய்க்கும் அன்றே பொருள் வாங்கிவிடுவது, ஐந்தாமவர் வந்தால் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு பணத்தைத் திருப்பி நீட்டுவது. பணத்தை வேண்டா என்று சொல்லக் கற்றுக்கொள்ள அவ்விருவர்க்கும் சில நாள் பிடித்தது. பொருளைக் கொடுக்கும்போது வரும் 900 ரூபாயில் மின்கட்டணமும், பழுதுபார்ப்புக்கென 100 ரூபாயும் போக, மற்றது கூலி. கூலி என்றே குறிப்பேட்டில் எழுதப்படுகின்றது, 'மிச்சம்' என்று எழுதுவதில்லை. குறித்த நாளுக்குள் கொடுக்க இயலாவிடில் அச்சாரத்தைத் திருப்பித் தருவோம் என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருக்கின்றோம். இதுவரை ஒருவருக்குத் திருப்பித் தந்தோம். குழாய் வாங்கிய கடையில் தாமதம். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு, மறு திங்கள் மீண்டும் வந்து பெயர் கொடுத்தார்.

வேம்பினடியில் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு இப்போது இரண்டாவது தாங்கி வேண்டுமாம், மகனின் வண்டிக்கு. சென்ற வாரம் 1,100 ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டு, "இப்போதாவது சொன்ன நாளுக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார். அவர் நம்மிடம் பேசிய முதல் சொல் அது. வரும் வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கின்றோம்.

தாங்கி ஒன்றையும், இரு முறைக்கும் உரிய இரண்டு குறிப்பேடுகளையும் வாயிலருகே மேசையில் வைத்திருக்கின்றோம். முதல் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் மிகுதி, அதையும் மறைக்காமல் வைத்திருக்கின்றோம். செய்த இளைஞர் இருவரும் அங்கேயே நிற்கின்றனர். உணவுக்குச் செல்லுமுன் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதை அவர்களிடமே கேளுங்கள்.